விசிறி யாரைக் கேட்டுச் சுழல வேண்டும்?

மாணவர்களே, மதுரையிலிருந்து தேனிக்குப் போகும் சாலையில் உசிலம்பட்டியைத் தாண்டினால் ஆண்டிப்பட்டிக் கணவாய் வரும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அங்கே அடிக்கும் காற்றைப் பற்றி அந்தப் பக்கத்தார் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சைக்கிளில் மேற்கே போகிறவர் இறங்கித் தள்ள வேண்டியதுதான். கிழக்கே வருகிறவருக்கு மிதிக்கிற வேலையே இல்லை.

1994-ஆம் ஆண்டு ஆனி மாதம், நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, என் சித்தப்பாவின் அம்பாசிடர் காரில் ஒரு கலியாணத்துக்காக அந்தக் கணவாய் வழியே தேனிக்குப் போனோம். காலையில் கார் ஒரு குறையும் இல்லாமல் ஏறியது. பிற்பகலில் திரும்பும்போது, அதே கணவாயில், அதே ஏழு பேரோடு, ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. சித்தப்பா ஈரத் துண்டை மூடியின்மேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு திருகினார். அடுத்த கணம் ஆள் உயரத்துக்குக் கொதிநீர் பீறிட்டது. வலக்கை முழங்கை வரை வெந்து போயிற்று. அன்று சாலையோரம் கூடியவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள்: "விசிறி பத்தலை." நானும் அதைத்தான் நம்பினேன். கல்லூரிக்கு வந்து இயற்பியல் படித்த பிறகும் சில ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் அந்தக் கொதிநீரின் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்களில் யாராவது நாளை அப்படி ஒரு மூடியின் முன்னே நிற்க நேரலாம். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. அது ஓர் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு மிகை அழுத்தத்தைத் தாங்கும் மூடி இருந்தால், உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரியில் கொதிக்காது; ஏறக்குறைய 111 டிகிரி வரை நீராகவே இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய்விடுகிறது. 111 டிகிரியில் உள்ள நீர் உடனே 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். உள்ளே 6 கிலோ நீர் இருப்பதாகக் கொள்வோம். அது உதறித்தள்ளும் வெப்பம் 6 × 4.2 × 11, அதாவது சுமார் 277 கிலோ ஜூல். நீரின் ஆவியாதல் உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 2260 கிலோ ஜூல் அல்லவா? வகுத்தால் ஏறத்தாழ 120 கிராம் நீர் நீராவியாகிறது. பார்வைக்குச் சிறிய அளவுதான். ஆனால் 120 கிராம் நீராவிக்குத் தேவைப்படும் இடம் சுமார் 200 லிட்டர்! அந்த 200 லிட்டரும் ஒரு சிறு வாய் வழியே, மீதி நீரையும் தள்ளிக்கொண்டு வெளியேறப் பார்க்கிறது. ஈரத் துண்டு என்ன செய்யும்? எஞ்சினை நிறுத்தி, அரைமணி நேரத்துக்கு மேல் பொறுத்திருந்து, மேல் குழாய் கையால் தொடும் சூட்டுக்கு வந்த பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும்.

(மூடி என்றதும் ஒரு செய்தி. மதுரையில் வேர்விட்ட டி.வி.எஸ். குழுமத்தைச் சேர்ந்த சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் நிறுவனம், 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடிகள் செய்து அனுப்பத் தொடங்கியது. அவ்வளவு சாதாரணமாகத் தோன்றும் பொருள் அது!)

இனி விசிறிக்கு வருவோம். பெட்ரோல் எரிந்து தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. மீதி, எஞ்சினைச் சுற்றி ஓடும் நீருக்கு வருகிறது. அந்த நீரின் சூட்டைக் காற்றுக்குக் கொடுப்பது ரேடியேட்டரின் வேலை. 'ரேடியேட்டர்' என்றால் கதிர்வீசி என்று பொருள். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் வெப்பச்சலனத்தால்தான் வேலை செய்கிறது. கதிர்வீச்சின் பங்கு மிகச் சிறிது. காற்று ஓடினால்தான் அதற்குப் பிழைப்பு.

அம்பாசிடரின் பூர்வீகம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகரை ஒட்டிய கௌலியில் செய்யப்பட்ட மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரே, மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் அம்பாசிடர் ஆயிற்று. 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி, 2014 மே மாதம் வரை அது அங்கே உற்பத்தியானது. ஆக்ஸ்ஃபோர்டில் நடுக்கோடையில்கூடப் பகல் வெப்பநிலை சராசரியாக 22 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அக்கினி நட்சத்திரத்தில் நம் மதுரையில் 40 டிகிரி. ரேடியேட்டர் நீர் 90 டிகிரியில் இருந்தால், அங்கே நீருக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு 68, இங்கே 50. வெப்பம் கைமாறும் வேகம் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது என்று நியூட்டனின் குளிர்தல் விதியில் படித்திருப்பீர்கள். ஆகவே அதே ரேடியேட்டர் இங்கே நான்கில் மூன்று பங்கு வேலைதான் செய்யும். தார்ச் சாலைக்கு ஒரு முழம் மேலே காற்று 40 டிகிரியோடு நிற்பதும் இல்லை.

சரி, கணவாய்ப் புதிருக்கு விடை? நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். மணிக்கு 40 கிலோ மீட்டரில் கார் மேற்கே போகிறது, எதிர்காற்று 30. ரேடியேட்டரைப் பொறுத்தவரை காற்றின் வேகம் 70. அதே கார் கிழக்கே திரும்புகிறது. காற்று முதுகுக்குப் பின்னே. இப்போது சார்பு வேகம் 10 மட்டுமே! காலையில் எங்கள் ரேடியேட்டருக்குக் கிடைத்த காற்று மாலையில் கிடைக்கவில்லை. வெயிலும் ஏறியிருந்தது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது விசிறி. அது நிரப்பவில்லை. இதுவரை சாலையோரத் தீர்ப்பு சரிதான்.

ஆனால் விசிறி ஏன் நிரப்பவில்லை? பழைய கார்களில் விசிறி வாட்டர் பம்பின் தண்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சினின் கிராங்க் தண்டிலிருந்து ஒரு பெல்ட் இரண்டையும் சுழற்றும். ஆகவே விசிறி தன் வேகத்தை எஞ்சினிடம் கேட்டுக்கொள்கிறது. நீரிடம் கேட்பதே இல்லை. எஞ்சின் வேகமாகச் சுழன்றால் விசிறியும் வேகமாகச் சுழலும். எஞ்சின் மெல்ல ஓடினால் விசிறியும் மெல்ல ஓடும். இதில் என்ன தவறு என்கிறீர்களா?

சமவெளியில் திருமங்கலம் தாண்டி விருதுநகர் சாலையில் மணிக்கு 60 கிலோ மீட்டரில் கார் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 16.7 மீட்டர். ரேடியேட்டரின் முகப்பு 0.15 சதுர மீட்டர் எனக் கொண்டால், நொடிக்கு 2.5 கன மீட்டர் காற்று அதன் மேல் வந்து மோதுகிறது. மூன்றில் ஒரு பங்கு மட்டும் உள்ளே நுழைந்தாலும் 0.8 கன மீட்டர் ஆயிற்று. நொடிக்கு 20 கிலோ ஜூல் வெப்பத்தைக் காற்றின் சூட்டை 30 டிகிரி மட்டும் ஏற்றி அகற்ற வேண்டுமானால் சுமார் 0.6 கன மீட்டர் காற்றே போதும். விசிறிக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் அப்போதுதான் அது பேய் பிடித்ததுபோல் சுழல்கிறது. சித்திரைத் திருவிழாவில், அழகர் வரும் நாளில், தல்லாகுளத்திலிருந்து கோரிப்பாளையம் வரை கார் அங்குலம் அங்குலமாக நகர்கிறது. மோதும் காற்று அறவே இல்லை. விசிறியை விட்டால் வேறு கதி இல்லை. அப்போது அது எஞ்சினோடு சேர்ந்து தூங்கி வழிகிறது.

வேலை இல்லாதபோது சுழன்றால் என்ன நட்டம் என்று கேட்கலாம். பெரிய நட்டம். விசிறியின் வேகத்தை இரட்டிப்பாக்கினால், ஒரு நொடியில் அது தள்ளும் காற்றின் நிறை இரு மடங்கு. அந்தக் காற்றின் திசைவேகமும் இரு மடங்கு. இயக்க ஆற்றலில் திசைவேகத்தின் இருமடி வருகிறதல்லவா, அது 4 மடங்கு. மொத்தம் 8 மடங்கு திறன். அதாவது காற்று வேகத்தின் நேர்விகிதத்தில் கூடுகிறது. செலவோ வேகத்தின் மும்மடியில் ஏறுகிறது. நிமிடத்துக்கு 1000 சுற்றில் விசிறி 40 வாட் எடுத்துக்கொள்வதாகக் கொண்டால், 4000 சுற்றில் 64 மடங்கு, அதாவது 2560 வாட். இது ஏறத்தாழ மூன்றரைக் குதிரைத்திறன். அந்தக் காலத்து அம்பாசிடர் பெட்ரோல் எஞ்சினின் முழுத் திறனே 50 குதிரைத்திறனை ஒட்டியதுதான். நான்கு மடங்கு காற்றுக்கு 64 மடங்கு விலை! அந்தக் காற்றும் தேவைப்படாத காற்று.

இந்த மும்மடிக் கணக்கை அறியாமல்தான், எங்கள் வீட்டில் அடுத்த தவறு நடந்தது. ஒரு மெக்கானிக் நான்கு இறக்கை விசிறியைக் கழற்றி ஆறு இறக்கை விசிறியை மாட்டினார். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று சொல்லி தெர்மோஸ்டாட்டையும் எடுத்து எறிந்தார். தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடாகும் வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. சூடானபின் அது தானாகத் திறந்துவிடும். ஆகவே நடுப்பகலில் கொதிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை எடுத்தால் காலையில் எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடி, பெட்ரோலைக் குடித்து, தேய்மானத்தைக் கூட்டிக்கொள்வதுதான் பலன். இந்த வழக்கம் இன்னும் நம் ஊரில் போகவில்லை. நான் இதை மருந்துச் சீட்டைக் கிழித்து நோயைத் தீர்ப்பது என்பேன்.

கார் 1995 சித்திரையில், ஊருக்குள்ளேயே மறுபடியும் கொதித்தது. இந்த முறை ரேடியேட்டர் வேலை மட்டுமே செய்யும் ஒரு முதியவரிடம் சித்தப்பா வண்டியைக் கொண்டுபோனார். அவர் விசிறியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரேடியேட்டரைக் கழற்றி, மேல் தொட்டியின் ஈயப் பற்றை உருக்கித் திறந்து, எங்களை உள்ளே பார்க்கச் சொன்னார். குழாய்களில் பாதிக்கு மேல் வெள்ளைப் பாறைபோல் அடைத்துக் கிடந்தது. "போர்த் தண்ணிதானே ஊத்துறீங்க?" என்றார். ஆமாம், போர்த் தண்ணீர்தான். உங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே சுண்ணாம்புப் படலம். மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் பல இடங்களில் நிலத்தடி நீர் கடினநீர். அந்தப் படலம் செம்பையும் பித்தளையையும்போல வெப்பத்தைக் கடத்தாது, குழாயையும் அடைத்துக்கொள்ளும். அவர் ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பியை விட்டுக் குத்தி எடுத்தார். பிறகு ஒரு தகரத்தை வளைத்து, ரேடியேட்டரின் பின்புறத்தோடு பொருந்தி விசிறியைச் சுற்றி நிற்கும்படி ஒரு கூடு செய்து மாட்டினார். அந்த வண்டியில் அதுவரை அது இல்லை. கூடு இல்லாவிட்டால் விசிறி தன் பக்கவாட்டில் இருக்கும் சுடுகாற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். ரேடியேட்டரின் மூலைகளுக்குக் காற்றே வராது. பழைய நான்கு இறக்கை விசிறி திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கார் சித்தப்பாவிடம் இருந்த ஒன்பது ஆண்டுகளில் கொதிக்கவில்லை. நல்ல நீரை மட்டும் ஊற்றினோம்.

அவர் நியூட்டனின் விதியைப் படித்தவர் அல்லர். படித்த நான், பத்தாண்டு கழித்து வகுப்பில் விசிறித் திறனைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோதுதான், 'போதுமா' என்ற கேள்வியைவிட 'எப்போது' என்ற கேள்வியே பெரியது என்று எனக்கு உறைத்தது. நம் தேர்வுத் தாள்களும் 'எவ்வளவு வெப்பம்' என்று கேட்கின்றன; 'எந்த நேரத்தில்' என்று கேட்பதில்லை. இது எனக்கு ஒரு குறை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் செய்ததுதான் விசிறிக் கிளட்ச். பெல்ட் சுழற்றும் தண்டுக்கும் விசிறிக்கும் இடையே ஒரு சிறு வட்டப் பெட்டி இருக்கும். உள்ளே இரண்டு தட்டுகள், வரிவரியான பள்ளங்களோடு, ஒன்றை ஒன்று தொடாமல், நூலிழை இடைவெளியில் நிற்கின்றன. இடைவெளியில் சிலிக்கோன் எண்ணெய். ஒரு தட்டு சுழன்றால், எண்ணெயின் பிசுபிசுப்பு மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். பெட்டியின் முகத்தில், ரேடியேட்டரைப் பார்த்தபடி, ஓர் ஈருலோகச் சுருள். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடாக இருந்தால் சுருள் முறுகி ஒரு சிறு வால்வைத் திறக்கிறது. எண்ணெய் தட்டுகளுக்கிடையே பாய்கிறது. விசிறி வேகம் பிடிக்கிறது. காற்று குளிர்ந்தால் வால்வு மூடுகிறது. எண்ணெய் சேமிப்பு அறைக்குத் திரும்புகிறது. விசிறி சோம்பலாகச் சுற்றுகிறது. பாருங்கள், மின்கம்பி ஒன்றுகூட இல்லை! விசிறி முதல் முறையாக நீரின் நலத்தை விசாரிக்கக் கற்றுக்கொண்டது. ஆனால் எஞ்சினின் வேகத்தைத் தாண்டி அதனால் சுழல முடியாது என்ற குறை இன்னும் இருக்கிறது.

வீட்டில் செய்து பார்க்கலாம். வாளித் தண்ணீரில் ஒரு சிறிய எவர்சில்வர் சம்புடத்தை மிதக்க விடுங்கள். அதற்குள் சற்றே சிறிய டம்ளரை, சுவரைத் தொடாமல், கையில் பிடித்துச் சுழற்றுங்கள். இடையில் தண்ணீர் இருந்தால் சம்புடம் அவ்வளவாகப் பின்தொடராது. விளக்கெண்ணெய் ஊற்றிச் செய்யுங்கள். சம்புடமும் கூடவே சுழலத் தொடங்கும். பிறகு எண்ணெயை இளஞ்சூடாக்கிச் செய்யுங்கள், பிடி தளரும். கிளட்சுக்கு விளக்கெண்ணெய் ஏன் ஆகாது என்பது இப்போது புரியும்: சூடு ஏறும்போது பிடி கூட வேண்டிய இடத்தில் அது கைவிட்டுவிடும். சிலிக்கோன் எண்ணெயின் பிசுபிசுப்பு சூட்டால் அவ்வளவு மாறுவதில்லை.

1976 முதல் 1985 வரை வந்த மெர்சிடிஸ் டபிள்யூ 123 வகைக் கார்கள் பலவற்றில் இந்தக் கிளட்ச் உண்டு. காலப்போக்கில் எண்ணெய் கசிந்து கிளட்ச் செத்துவிட்டால், சில இடங்களில் போல்ட் போட்டு இரு பாதிகளையும் இறுக்கிவிடுகிறார்கள். விசிறி மறுபடியும் எஞ்சினை மட்டும் கேட்கும் பழைய முட்டாளாகிவிடுகிறது. வழியில் நின்றவர் வீடு சேர இது உதவும். நிரந்தர வைத்தியமாக இதை நான் ஏற்கமாட்டேன்.

மின்விசிறி வந்தது இன்னொரு காரணத்தால். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-இல் எஞ்சின் குறுக்காக அமர்ந்திருக்கிறது. கிராங்க் தண்டு பக்கவாட்டைப் பார்க்கிறது, ரேடியேட்டரோ முன்னே. பெல்ட் விசிறிக்கு அங்கே வசதியில்லை. ஒரு மின்மோட்டாரும், நீரின் சூட்டை அறிந்து இயங்கும் சுவிட்சும் அந்த வேலையை ஏற்றன. இந்த விசிறி எஞ்சினைக் கேட்பதே இல்லை. அதனால்தான் சில கார்களில் எஞ்சினை நிறுத்திய பிறகும் அது திடீரென்று சுழலும். பானட்டுக்குள் கை விடும் முன் இதை நினைவில் வையுங்கள்.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர், தாத்தாவின் 1970-களின் அம்பாசிடரைப் புதுப்பிக்கிறார், என்னிடம் வந்தார். "சார், பெல்ட் விசிறியைத் தூக்கிவிட்டு மின்விசிறி போடப் போகிறேன். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்" என்றார். நான் வேண்டாம் என்றேன். பழமைப் பற்றினால் அல்ல. மேலே நான் போட்ட கணக்குப்படி மின்விசிறிதான் அறிவுள்ள விசிறி. ஆனால் அவருடைய காரில் மின்சாரம் தருவது பழைய டைனமோ. வேகமாகச் சுழலும்போது அது 20 ஆம்பியரை ஒட்டித் தரும். எஞ்சின் மெல்ல ஓடும்போது ஏறக்குறைய ஒன்றும் தராது. மின்விசிறிக்கு 10 ஆம்பியர் வேண்டும், அதுவும் கோரிப்பாளையத்தில் கார் நின்றுகொண்டிருக்கும்போது. முகவிளக்குகளுக்கு இன்னொரு 10. இருபதும் பேட்டரியிலிருந்து போகிறது. 40 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மணி நேரத்தில் பாதி காலி. எஞ்சினைச் சார்ந்திராத விசிறி வேண்டும் என்று போய், எஞ்சினைச் சார்ந்த டைனமோவிடமே மாட்டிக்கொள்கிறோம்!

ஆகவே என் யோசனை இதுதான்: முதலில் ரேடியேட்டரைத் திறந்து பாருங்கள், குழாய்களைச் சுத்தம் செய்யுங்கள், தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள், வாலை வடிநீரும் கூலண்ட்டும் ஊற்றுங்கள், விசிறிக்குக் கூடு செய்யுங்கள். அதற்குப் பின்னும் கொதித்தால், டைனமோவை எடுத்துவிட்டு ஆல்ட்டர்னேட்டர் பொருத்தி, சூட்டுச் சுவிட்சோடு மின்விசிறி வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பெல்ட் விசிறியைக் கழற்ற நானே ஸ்பானர் பிடிக்கிறேன்.

அவருக்கு முழுத் திருப்தி இல்லை. இருந்தாலும் கூட்டுக்குத் தகரம் வெட்டக் கொடுத்திருக்கிறார். இறக்கையின் நுனிக்கும் கூட்டுக்கும் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று போன வாரம் கேட்டார். குறைவாக இருந்தால் காற்றுக்கு நல்லது. ஆனால் எஞ்சின் ரப்பர் மெத்தைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. கிளம்பும்போதும் பள்ளத்தில் விழும்போதும் ஆடும். ஒரு விரற்கடை விடச் சொல்லியிருக்கிறேன்.